செக்ரோலில் இல்லாத பெயர்

அன்புள்ள வாசகிக்கு,

கோடு போட்ட தாளில் நீல மையில் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். இப்போதெல்லாம் எனக்கு வருவது கைப்பேசியில் குரல் செய்திதான். அதிலும் பாதி, வண்டி ஓட்டிக்கொண்டே பேசியவை. கையால் எழுதிய கடிதத்துக்கு ஒழுங்காக உட்கார்ந்து பதில் எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டதில் மூன்று வாரம் ஓடிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயர் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், பேராசிரியர் யாரென்று தெரியும்படி எதுவும் வேண்டாம் என்று அடிக்கோடு போட்டுக் கேட்டிருந்தீர்கள். சரி. ரவாங்கில் விடியற்காலை கொமுட்டர் ஏறி, ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் முனைவர் பட்ட மாணவி. இவ்வளவு போதும். அந்த ரயிலில் அப்படி எத்தனையோ பேர்.

நீங்கள் ஜிஆர்ஏ. அதாவது பட்டப்படிப்பு ஆராய்ச்சி உதவியாளர். பேராசிரியருக்குக் கிடைத்த கிராண்டிலிருந்து மாதாமாதம் அலவன்ஸ். இந்த ஆண்டு அது மூன்று மாதம் வரவில்லை. கேட்கப் போன இடத்தில் ஒரு குமாஸ்தா அம்மா, கோபமே இல்லாமல், “நீ ஊழியர் இல்லையே, மாணவிதானே. சம்பளம்தான் தாமதமாகக் கூடாது, இது உதவித்தொகை” என்று சொன்னாராம். அந்த அம்மா கத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று எழுதியிருந்தீர்கள். பிறகு இரண்டு முக்கியக் கேள்விகள்: எங்களைப் போன்றவர்கள் சங்கம் வைக்கலாமா? வைத்தால் சிரிப்பார்களா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிரிப்பார்கள். பேராசிரியர்கள் சிரிப்பார்கள், டீன் சிரிப்பார், உங்கள் வகுப்புத் தோழர்களே சிரிப்பார்கள். சிமெண்ட் ஆலையிலும் ரப்பர்த் தோட்டத்திலும் சந்தா கட்டிப் பழகிய நம் ஊர்ப் பெரியவர்களும் சிரிப்பார்கள்: “டாக்டர் பட்டம் வாங்கப் போற பிள்ளைக்கு யூனியனா?” உங்கள் அம்மாவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை படித்துவிட்டால் யூனியன் தேவைப்படாது என்ற நம்பிக்கையில்தானே அந்தத் தலைமுறை நம்மைப் பள்ளிக்கு அனுப்பியது.

முதல் கேள்விக்கு வர என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அம்மா பால் மரம் வெட்டியவர். எட்டு வயதில் தன் தாயாரோடு காட்டுக்குப் போகத் தொடங்கினாராம். பால் வடியும் மங்குகளைத் துடைப்பது, ஒட்டுப்பால் பிய்ப்பது, வாளி தூக்குவது. விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் வாசிக்கும்போது பாட்டியின் பெயர் இருக்கும். அம்மாவின் பெயர் இருக்காது. பெயர் இருக்கும் புத்தகத்துக்குச் செக்ரோல் என்று பெயர். உங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க நியாயமில்லை. செக்ரோலில் பெயர் ஏறியவருக்கு அன்றைய கூலி உண்டு, லயத்தில் ஒரு கதவு உண்டு, கைகால் வெட்டுப்பட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரி உண்டு. பெயர் ஏறாத கை செய்த வேலை, பெயர் ஏறியவரின் எடையில் சேர்ந்துவிடும். பல வருடம் அம்மா எடுத்த பாலெல்லாம் பாட்டி கணக்கில்தான் நிறுக்கப்பட்டது. பிறகு வெட்டக் கற்றுக்கொள்ளும்போது, அடுத்த ஆண்டு சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களைக் கொடுத்தார்களாம், பட்டையைக் காயப்படுத்தினாலும் நட்டமில்லை என்று. “கத்துக்கிறப்ப வடிஞ்ச பாலுன்னு அதைக் கீழ ஊத்திட்டாங்களா என்ன? அதையும் ஸ்டோருக்குத்தான் கொண்டுபோனாங்க” என்பார் அம்மா.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தபோது இந்த வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் படிக்கிறீர்கள், அது உண்மை. படிக்கும்போது வடிகிற பால் எங்கே போகிறது? உங்கள் அளவீடுகள் கிராண்டின் இறுதி அறிக்கையில் போகின்றன. கட்டுரைகள் பேராசிரியரின் பதவி உயர்வு விண்ணப்பத்தில் போகின்றன, பல்கலைக்கழகத்தின் தரவரிசைக் கணக்கில் போகின்றன. இளநிலை மாணவர்களுக்கு நீங்கள் எடுத்த செய்முறை வகுப்பு யாருடைய கற்பித்தல் நேரமாகவோ பதிவாகிறது. அது நடக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டோருக்குப் போகிற பாலுக்கு ஒரு செக்ரோல் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆராய்ச்சி மானியத்துக்கு, எஃப்ஆர்ஜிஎஸ் என்பீர்களே அதற்கு, வரவுசெலவுப் படிவம் பார்த்திருப்பீர்கள். வேதிப்பொருள் முதலான ஆராய்ச்சிப் பொருள்களுக்கு வோட் 27000 என்ற கணக்குத் தலைப்பு. உங்களுக்கு வோட் 11000. அரசாங்கக் கணக்கில் அந்த 11000-க்கு மலாயில் என்ன தலைப்பு என்று ஒரு முறை பாருங்கள்: ‘காஜி டான் உப்பாஹான்’. சம்பளமும் கூலியும்! பணம் அமைச்சிலிருந்து கிளம்பும்போது கூலி. உங்கள் கைக்கு வந்து சேரும்போது உதவித்தொகை. வழியில் எந்த மேசையில் அது பெயரை மாற்றிக்கொண்டது என்று அந்தக் குமாஸ்தா அம்மாவிடமே கேட்கலாம். அவரும் ஏதோ ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டுபவராகத்தான் இருப்பார்.

பெயரை மாற்றினால் உரிமை மாறும் என்பது முதலாளிமார்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த வித்தை. என் இருபத்திரண்டாவது வயதில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். எது என்பது வேண்டாம். பதினான்கு மாதம் என் அட்டையில் ‘டிரெய்னி’ என்றுதான் இருந்தது. பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் செய்த அதே வேலை, ஏறக்குறைய பாதிச் சம்பளம். ஒன்பதாவது மாதத்தில் புதிதாக வந்த ஒருவருக்கு நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். டிரெய்னி டிரெய்னிங் கொடுத்த கதை! 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றபோது எனக்கு அந்த அட்டைதான் ஞாபகம் வந்தது. கோவிட் வார்டுகளைச் சுமந்த அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டதும் தாளில் ஒரு சொல்: நிரந்தரம்.

இனிச் சட்டம். வக்கீல் இல்லை நான். முப்பது வருடம் கிளைச் சங்கத்தில் கணக்கும் கடிதமும் எழுதியவன். அந்த அளவில் படித்துக்கொள்ளுங்கள்.

1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், பள்ளியிலோ கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்துக்கொண்டிருப்பவர் சங்க உறுப்பினராகக் கூடாது என்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு ‘தவிர’ போடுகிறது: அவர் உண்மையிலேயே தொழிலாளியாக வேலையில் இருந்து, பதினெட்டு வயதைக் கடந்திருந்தால் ஆகலாம். உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு ‘தவிர’வுக்குள் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது பயிலுநரையும் சேர்த்தே சொல்கிறது. கற்றுக்கொண்டிருப்பதாலேயே ஒருவர் தொழிலாளி இல்லாமல் போய்விட மாட்டார் என்பது நம் சட்டத்துக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. 2023 ஜனவரியில் வேலைச் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்ந்தது, 101சி. எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஒருவர் ஊழியர்தானா என்று எதை வைத்து அனுமானிப்பது? வேலை செய்யும் முறையும் நேரமும் இன்னொருவர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, கருவியும் பொருளும் அவர் தருகிறாரா, வேலை அவருடைய தொழிலோடு பிணைந்ததா, பணம் ஒழுங்கான இடைவெளியில் வருகிறதா. உங்களிடம் நியமனக் கடிதம் இருப்பதால் இந்தப் பிரிவு நேராக உங்களுக்குப் பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உங்கள் ஒரு நாளை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அப்புறம் ஆக்கு. 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தை மாணவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். 1974 டிசம்பரில் பாலிங் விவசாயிகளின் பட்டினிக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதான பிறகு, 1975-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். துணைவேந்தரின் எழுத்து அனுமதி இல்லாமல் மாணவர் எந்த அமைப்பிலும் சேரக் கூடாது என்ற பட்டியலில் அரசியல் கட்சிக்கு அடுத்த சொல்லாகத் தொழிற்சங்கமும் அச்சாகியிருந்தது. உங்கள் பேராசிரியர் மாணவராக இருந்த காலம் அது. அவர் குரலில் நீங்கள் கேட்கும் பயம் அவருக்குப் பாடமாக வந்தது.

அந்தச் சுவரில் முதல் பெரிய விரிசல் விழுந்தது நமக்குப் பக்கத்தில்தான். 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல், பி. கமலநாதன் ஜெயித்தாரே, அது. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் அந்த ஒரு மாதம் உட்கார இடம் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தல் பிரசாரத்தில் இருந்ததாக தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர்கள் நால்வர் மீது நடவடிக்கை எடுத்தார்கள். அரசியல் அறிவியல் படிப்பவர் தேர்தலைப் பார்க்கக் கூடாது என்பது, மருத்துவம் படிப்பவர் நோயாளியைப் பார்க்கக் கூடாது என்பது போல! நால்வரும் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மாணவர் கட்சி ஆதரவு காட்டக் கூடாது என்ற தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. இன்று மாணவர் அரசியல் கட்சியிலேயே சேரலாம்.

ஆக, ஆக்கு உங்களைத் தடுக்கவில்லை. ‘மாணவர்’ என்ற சொல்தான் தடுக்கிறது. இதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் உங்களிடம் பேச வருகிறவர்கள் முதலில் ஆக்குவைத்தான் காட்டுவார்கள்.

கொஞ்சம் ஊர்க் கதை. ரவாங் என்றாலே பெருமையாகச் சொல்கிறோம்: 1894-இல் இங்கேதான் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள், நாட்டிலேயே முதல் தடவையாக என்று. நானும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே ரவாங்கின் வாட்டர்ஃபால் தோட்டத்தில் 1949 மார்ச் 1 அன்று ஒரு மனிதரைப் பிடித்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றம். மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தஞ்சைத் தரணியின் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். அவருடைய சங்கத் தோழர் வீரசேனன் அந்தத் தூக்குக்கு முந்தின நாள்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். இதை நாம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

கணபதியின் அரசியலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. எனக்கே அதில் பாதி உடன்பாடில்லை. நான் சொல்ல வந்தது அவர் தூக்குக்கு ஓராண்டு முன்னால் சத்தமில்லாமல் நடந்த ஒன்றை. 1948 மே மாதக் கடைசியில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரே தொழில் சங்கங்கள் மட்டுமே ஒரு சம்மேளனம் என்று ஆக்கினார்கள். செயலாளர் தவிர்த்த பொறுப்பாளர்களுக்கு அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்றும் வைத்தார்கள். தோட்டமும் துறைமுகமும் ரயில்வேயும் ஒரே குடையின் கீழ் நின்ற காலம் அந்தத் திருத்தத்தோடு முடிந்தது. ஜூன் மாதம் சம்மேளனத்துக்குப் பதிவு மறுக்கப்பட்டது. அதே மாதம் அவசரகாலமும் வந்தது. கயிற்றை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், திருத்தத்தை மறந்துவிட்டோம். அந்தக் கயிறு ஒரு மனிதரைத்தான் முடித்தது. அந்தத் திருத்தத்தின் சாரம், இன்னின்ன தொழிலுக்கு இன்னின்ன சங்கம் என்ற வேலி, சுதந்திரத்தையும் தாண்டி, மொத்தம் எழுபத்தைந்து வருடத்துக்கும் மேல் நின்றது. எந்த வேலிக்குள்ளும் அடங்காத உங்களைப் போன்றவர்களுக்கு அதில் இடமே இல்லை. நீங்கள் விரிவுரையாளரா? இல்லை. ஆய்வுக்கூடப் பணியாளரா? இல்லை. அப்படியானால் எந்தத் தொழில்?

2024 செப்டம்பர் 15 முதல் அந்த வேலி இல்லை. தொழிற்சங்கத் திருத்தச் சட்டம் அன்று அமலுக்கு வந்தது. ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கலாம், தொழில் வாரியாகத்தான் சேர வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. பழைய சங்கக்காரர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆளுக்கொரு சங்கம் வைத்து முதலாளி முன்னால் நமக்குள் அடித்துக்கொள்வோம் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு இது முதல் கதவு. பதிவு விண்ணப்பத்துக்கு ஏழு பேரின் கையொப்பம் போதும்.

மனசாட்சிக்கு விரோதமில்லாமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவு கிடைத்தாலும் பேரம் பேசும் மேசை தானாக வந்துவிடாது. அரசுப் பல்கலைக்கழகம் ஒரு சட்டபூர்வ அமைப்பு. கூட்டுப் பேரம் பற்றிய தொழிலியல் உறவுச் சட்டத்தின் பகுதி அரசாங்க ஊழியருக்கும் சட்டபூர்வ அமைப்புகளின் ஊழியருக்கும் பொருந்துவதில்லை. தனியார் தொழிற்சாலைச் சங்கம் கூட்டு ஒப்பந்தம் போடுவது போல நீங்கள் போட முடியாது. கடிதம், சந்திப்பு, அமைச்சு, நாடாளுமன்ற உறுப்பினர் என்று சுற்று வழிதான். முதலில் நீங்கள் ஊழியர் இல்லை என்பார்கள். ஊழியர்தான் என்று நிரூபித்தால், எங்கள் ஊழியர்களுக்கு அந்தப் பகுதி பொருந்தாது என்பார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்வார்கள். தயாராக இருங்கள்.

அமெரிக்காவில் மட்டும் எல்லாம் சுலபமாகக் கிடைத்ததா என்று கேட்டிருந்தீர்கள். மிச்சிகன் கதையைக் கேளுங்கள். அந்த மாநிலத்தின் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் பட்ட மாணவர்கள் 1975-லேயே வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் வாங்கினார்கள். ஆராய்ச்சி உதவியாளர்கள் மட்டும் ஊழியர் அல்லர் என்று 1981-இல் மாநில ஆணையம் தள்ளிவைத்தது. முப்பது ஆண்டு கழித்து, 2011-இல், பல்கலைக்கழக ஆட்சிக்குழுவே ஆறுக்கு இரண்டு என்ற வாக்கில் இவர்களும் ஊழியர்களே என்றது. உடனே 2012 மார்ச்சில் சட்டமன்றம் ஒரு தனிச் சட்டமே போட்டு, இல்லை என்றது. 2014-இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. ஒரே ஆள், ஒரே சோதனைக் குழாய். நான்கு இடத்தில் நான்கு பெயர். கலிபோர்னியாவில் ஆராய்ச்சி உதவியாளர்களுக்கு உரிமை தர 2017-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அங்கே மாணவ ஆராய்ச்சியாளர்களின் சங்கம் ஏற்கப்பட்டது 2021 டிசம்பரில். அடுத்த ஆண்டு நவம்பர் 14 அன்று, பாடம் நடத்துவோரும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சியாளர்களுமாகச் சேர்ந்து சுமார் 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலோர் திரும்பிப் போனது கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால்தான்.

அதில் நான் யோசித்துக்கொண்டிருந்தது எண்ணிக்கையைப் பற்றி அல்ல. பால் வெட்டாமல் நின்றால் நட்டம் தோட்டத்து வெள்ளைக்கார துரைக்கு. நீங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் நின்றால்? உங்கள் செல் வளர்ப்புத் தட்டு காய்ந்துபோகும், உங்கள் ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகும். வேலையும் படிப்பும் ஒரே தட்டில் கிடப்பதால், வேலையை நிறுத்துகிறவர் தன் வயிற்றிலேயே கை வைக்கிறார். பேராசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே வேலைநிறுத்தம் என்ற சொல்லை முதல் கூட்டத்தில் எடுக்காதீர்கள். நம் நாட்டில் அதற்கு ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்பது வேறு விஷயம். பயத்தாலும் சொல்லவில்லை. உங்கள் பலம் அங்கே இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

இந்தியாவில் சங்கமே இல்லாமல் சாதித்தார்களே என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2010-இல் மாதம் 16,000 ரூபாய். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், 2014-இல் 25,000. மறுபடி வந்தார்கள், 2019-இல் 31,000. 2023-இல் 37,000. நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை முழு நாடும் கூடிக் கத்த வேண்டியிருந்தது. கத்தியவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட, அடுத்த கூட்டம் அ-னாவிலிருந்து ஆரம்பித்தது. தொகை உயர்ந்ததே தவிர, வராமல் போன மாதத்துக்கு யாரைக் கேட்பது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. உங்கள் பிரச்சினை அதுதானே? எவ்வளவு என்பதைவிட எப்போது, யாரிடம்?

இப்போது உங்களோடு ஒரு சண்டை. உங்கள் பேராசிரியரைக் ‘கங்காணி’ என்று எழுதியிருந்தீர்கள். கோபத்தில் வந்த சொல், புரிகிறது. கங்காணிக்குத் தன் கீழ் வேலைக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு கிடைத்தது. உங்கள் பேராசிரியருக்கும் இத்தனை பேரை முனைவராக்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. அதுவரை ஒப்புமை சரி. ஆனால் மூன்று மாதம் பணம் வராதபோது தன் பையிலிருந்து உங்களுக்கு 600 ரிங்கிட் கொடுத்தவரும் அவர்தான் என்று மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கங்காணி அப்படிக் கொடுத்தால் வட்டியோடு பிடித்துக்கொள்வார். உங்கள் பேராசிரியர் கிராண்டுக்கு அலைகிறார், அறிக்கைக்கு அலைகிறார், நிதிப் பிரிவில் உங்களைப் போலவே காத்து நிற்கிறார். அவரை எதிரியாக வைத்துச் சங்கம் தொடங்கினால் முதல் மாதமே அவரைப் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் என்று இரண்டாக உடையும். நல்ல பேராசிரியர் கிடைத்தவரும் கெட்ட பேராசிரியர் கிடைத்தவரும் ஒரே விதிக்குள் இருக்க வேண்டும். அதிர்ஷ்டத்தைச் சம்பள முறையாக வைக்கக் கூடாது.

நான்காம் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், அடிப்பதா வேண்டாமா என்று யோசித்துப் பிறகு விட்டுவைத்தது போல, ஒரு வரி இருந்தது. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வந்தால் பத்து நிமிடத்துக்குள் பதில் போடாவிட்டால், மறுநாள் ஆய்வுக்கூடக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கேட்பார்களாம். “இது சின்ன விஷயம், விடுங்கள்” என்று பக்கத்தில் வேறு எழுதியிருக்கிறீர்கள்.

விடமாட்டேன். 1941-இல் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், அதன் ஆர். எச். நாதன் தமிழ் நேசனில் பணியாற்றிய பத்திரிகைக்காரர். உங்களைப் போல எழுத்துவாசனை உள்ள ஆள். கோரிக்கைகளில் கூலி இருந்தது, சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. அவற்றோடு சைக்கிளும் இருந்தது. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இனி இறங்க மாட்டோம் என்றார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கூலிக் கணக்கு புரிந்தது, சைக்கிள்தான் புரியவில்லை. என் மாமனார் கிள்ளான் பக்கத்துக்காரர். காசு விஷயத்தை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து போன ஒருவரைப் பற்றி மட்டும், பார்த்தது போலவே சொல்வார். அந்த ஆள் மணியடித்துக்கொண்டே போனாராம்! மணி விஷயத்தை நான் நம்பவில்லை.

வாட்ஸ்அப்பையும் கோரிக்கையில் எழுதுங்கள். கடைசியில் அல்ல, நடுவில்.

செய்ய வேண்டியதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை; உங்களுக்குத்தான் அந்த இடம் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கணினி வேண்டாம், நோட்டு. எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், யார் என்ன வேலை சொன்னார், அதில் எது உங்கள் ஆய்வேட்டுக்கு, எது பிறருக்கு, எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள். அலவன்ஸ் எந்தத் தேதியில் வந்தது. தினம் மூன்று வரி. மூன்று மாதம் எழுதியபின் அது உங்கள் செக்ரோல். கிராணி எழுதாததை நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள். உங்களோடு இன்னும் இருவர் எழுதட்டும், வேறு வேறு துறையிலிருந்து. பொறியியல் ஜிஆர்ஏவுக்கு ஒரு தொகை, கலைத்துறை ஜிஆர்ஏவுக்கு ஒரு தொகை என்பது அப்போதுதான் வெளியே தெரியும்.

வங்காளதேசத்திலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்திருக்கும் தோழர்கள் உங்கள் ஆய்வுக்கூடத்தில் பாதிப்பேர் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்காதீர்கள். ஆனால் முதல் விண்ணப்பத்தில் அவர்கள் கையெழுத்தைக் கேட்காதீர்கள். உங்களுக்குப் போகக்கூடியது அலவன்ஸ், அவர்களுக்கு விசா. நம் தாத்தாக்களுக்கு இருந்த பயம்தான் அவர்களுக்கு இருப்பது: கப்பலேற்றி விடுவார்களோ என்று.

இன்னொரு சிக்கலுக்கு மட்டும் எனக்குத் தெரிந்த ஒரு வழி. உங்களில் யாரும் நான்கு ஆண்டுக்கு மேல் அங்கே இருக்கப்போவதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் சங்கத் தலைவர் இருபது வருடம் இருப்பார், அது வேறு வகைத் தொல்லை. உங்களுக்கோ, ஆள் பழகுவதற்குள் பட்டமளிப்பு விழா வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர்: ஒருவர் மூன்றாம் ஆண்டு, ஒருவர் முதலாம் ஆண்டு. கணக்குப் புத்தகம் முதலாம் ஆண்டுக்காரர் கையில் இருக்கட்டும்.

எங்கள் பழைய கிளையின் விதிமுறைப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. கறையான் கொஞ்சம் தின்றது போக மிச்சம். மாதிரிக்கு உதவும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில்தான் பசியாறுவேன். கடைக்காரரிடம் சங்கத்துத் தாத்தா என்று கேட்டால் காட்டுவார். உங்களோடு சேர்த்து மூன்று பேர் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று பேரும் வாருங்கள், தோசை என் கணக்கு.

அன்புடன்,
ரவாங்கிலிருந்து

பி.கு.: நீங்கள் அனுப்பிய நியமனக் கடித நகலில் முதல் பக்கமும் மூன்றாம் பக்கமும்தான் இருக்கின்றன. கடமைகள் என்ற தலைப்பு முதல் பக்கத்தின் அடியில் தொடங்குகிறது. என்ன கடமைகள் என்பது இரண்டாம் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் எனக்கு அவசியம் வேண்டும். வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள்.